கோமாரி ஆமைக் குழியும் ஆறு கைகளும்

“பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பொதுமக்களே! கிழக்கிலங்கையின் வரலாறு இதுவரை கண்டிராத மாபெரும் பிரகடனம் ஒன்று, நாளை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையைத் தொடர்ந்து சாய்ந்தமருதுக் கடற்கரை வீதி மண்டபத்தில் வெளியிடப்படவுள்ளது. கடலாமைப் பாதுகாப்புப் பேரவையின் ஸ்தாபகத் தலைவர், அகில இலங்கைச் சமாதான நீதவான், அல்ஹாஜ் மக்கீன் அவர்கள் முழங்குவார்கள். ஆமைகளே, அஞ்சாதீர்கள்! பகற்சாப்பாடும் உண்டு!”

இந்த அறிவித்தலை ஏற்றிக்கொண்டு ஓர் ஓட்டோ வியாழக்கிழமை காலை முழுவதும் கல்முனைக் கடைத்தெருவில் மேலும் கீழுமாக ஊர்ந்தது. சம்பந்தப்பட்ட ஆமைகள் கோமாரிக் கடற்கரையில் இருந்தன. இங்கிருந்து அங்கே போக பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும்.

“ஆமைக்குக் காது கேக்குமா காக்கா?” என்றாள் பஹ்மிதா, போட்டோகொப்பி மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டுச் சிக்கிய தாளை இழுத்தபடி.

“மக்கீன் ஹாஜியார்ட சத்தம் சங்குக்கும் கேக்கும்” என்றார் காலிதீன், பால் விடாத பிளேன்ரீயிலிருந்து கண்ணெடுக்காமல்.

கடை வாசலில் தொங்கிய பலகை இப்படிச் சொன்னது: ‘காலிதீன் துப்பறியும் நிலையம். போட்டோகொப்பி, லெமினேற்றிங், பாஸ்போட் படம்.’ தபாற்கந்தோரில் இருபத்தொரு வருஷம் இருந்துவிட்டு, ஐம்பதாவது வயதில் ஓய்வு வாங்கிய காலிதீன், மிச்ச வாழ்நாளை உண்மையைத் தேடுவதற்கு ஒதுக்கியிருந்தார். உண்மை சோறு போடவில்லை. போட்டோகொப்பி போட்டது. மெஷினையும், அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று அழைக்கும் காலிதீனையும் சில வேளைகளில் ஓட்டுகிறவள் பஹ்மிதா. மருதமுனைக்காரி. வயது முப்பது. வாப்பா கைத்தறி நூலுக்குச் சாயம் போடுகிறவர். வாயைத் திறந்தால் மூடுவதற்கு யாராவது வந்து உதவ வேண்டும்.

ஓட்டோ மூன்றாம் முறை கடந்தபோது, அதன் பின்னாலிருந்து சீனிமுகம்மது ஓடி வந்தார். கையில் ஒரு சொப்பிங் பேக், கண்ணில் பெருநாள்.

“வந்திட்டான் தம்பி! விழுந்திட்டான்!”

“இருங்க, முதல்ல மூச்ச விடுங்க” என்றார் காலிதீன்.

சீனிமுகம்மது கோமாரிக் கரையில் பேரவையின் ஒரே காவலாளி. ஒரு காலத்தில் அதே கரையில் ஆமை முட்டை தோண்டி விற்றவர். பிறகு மனம் மாறி, தோண்டுகிறவர்களை விரட்டத் தொடங்கினார். ‘திருந்திய வேட்டைக்காரர்’ என்று மக்கீன் ஹாஜியார் அவருடைய தோளில் கை போட்டு எடுத்த படம் பத்திரிகையில் வந்தது. படத்தில் ஹாஜியார் முழுதாகவும் சீனிமுகம்மது பாதியாகவும் இருந்தார்.

இரண்டு மாதத்தில் மூன்று குழிகள் காலியானதும், அதே ஹாஜியார் ஒரு கடிதம் அனுப்பினார். ‘வெள்ளிக்கிழமைக்கு முன்னர் கள்ளன் பிடிபடாவிடின், தாங்களே கள்ளன் எனக் கருதப்பட்டுப் பொலிஸில் ஒப்படைக்கப்படுவீர்கள்.’ இந்தத் தர்க்கத்தைக் காலிதீன் லெமினேற் செய்து வைத்திருந்தார்.

பேரவை இதற்கு முன் எடுத்த நடவடிக்கைகளும் சாதாரணமானவை அல்ல. முதலில், ஒவ்வொரு குழிக்கும் மேலே ‘இங்கே ஆமை முட்டை உள்ளது, தோண்டாதீர்’ என்று பலகை நட்டார்கள். அதுவரை தேடித் திரிந்த கள்ளன் அதன் பிறகு வாசித்துவிட்டுத் தோண்டினான். பிறகு கமெரா பூட்டினார்கள். அடுத்துக் களவு போனது கமெராதான்.

அதனால்தான் சீனிமுகம்மது போன கிழமை இந்தக் கடைப்படி ஏறினார். பஹ்மிதா கல்முனை விளையாட்டுச் சாமான் கடைகள் எல்லாவற்றிலும் இருந்த மேசைப்பந்தாட்டப் பந்துகளை வாங்கினாள். அளவிலும் வெள்ளையிலும் அவை ஆமை முட்டைக்குத் தம்பி மாதிரி. வாப்பாவின் சாயக் கொட்டிலில் இருந்து அடர்சிவப்புச் சாயத்தை ஊசியால் ஏற்றி, துளையை மெழுகால் அடைத்தாள். இறுக்கிப் பிடித்தால் மெழுகு பிதுங்கும். கையில் பட்டால் ஒரு கிழமைக்குப் போகாது. வாப்பாவின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது தெரியும். சீனிமுகம்மது உண்மையான முட்டைகள் நூற்றுப் பத்தையும் ஆமை இட்ட கையோடு வேறிடத்தில் புதைத்துவிட்டு, பழைய குழியில் பந்துகளை அடுக்கினார். புதிய இடம் அவரைத் தவிர எவருக்கும் தெரியாது.

“ஸுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்ட்டு வாறன். குழி தோண்டிக் கிடக்கு” என்றார் சீனிமுகம்மது. பேக்கிலிருந்து ஒரு நசுங்கிய பந்தை எடுத்து மேசையில் வைத்தார். அது காலிதீனின் பிளேன்ரீயை நோக்கி உருண்டது. “பதினொரு பந்து ஒடஞ்சி கிடக்கு. ஆடு அறுத்த இடம் மாதிரி மண்ணெல்லாம் செவப்பு. பயந்து ஓடிட்டான்.”

“அந்தக் குழிக்குப் பலகை நட்டீங்களா?”

“இல்ல தம்பி. நீங்க சொன்ன மாதிரி வட்ஸ்அப் குறூப்புல மட்டும்தான் எடத்தப் போட்ட.”

“குறூப்புல ஆரார்?”

“நிர்வாகம் ஆறு பேர். ஆறு பேருக்கும் கோமாரிப் பக்கம் தென்னங்காணி இரிக்கி.”

பஹ்மிதா கையைத் தட்டினாள். “அப்ப ஆறு கை. அதில ஒரு கை செவப்பு. நாளைக்குக் கூட்டத்துக்கு எல்லாரும் வருவாங்க. கேஸ் முடிஞ்சி. இதுக்குப் போய்த் துப்பறியும் நிலையம் எண்டு பலகை வேற.”

“லேசா முடியிற கேஸ எனக்குப் புடிக்காது” என்றார் காலிதீன்.

“கஷ்டமான கேஸும் உங்களுக்கு வாறதில்லயே காக்கா.”

சீனிமுகம்மது சிரிக்கவில்லை. “முட்டை பொரிக்க இன்னும் அம்பது நாள் கிடக்கு. நாயும் உடும்பும் அதுக்குள்ள மணந்து புடிச்சிரும். நாளைக்கு என்னப் பொலிஸுக்கு அனுப்பிட்டா அதுகள ஆரு பாக்கிற?” என்று கேட்டுவிட்டு, பந்தைப் பத்திரமாகத் திரும்பப் பேக்கில் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஹ்மிதா கமெராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மண்டப வாசலில் நின்றாள். நிகழ்ச்சியைப் படம் எடுக்கும் வேலையும் துண்டுப்பிரசுரம் அடிக்கும் வேலையும் அவர்கள் கடைக்குத்தான் கிடைத்திருந்தன. துப்பறிவாளர்களுக்கு இப்படி ஒரு மூடுதிரை கிடைப்பது அரிது. அதிலும் சாப்பாடு போடும் மூடுதிரை.

முதலில் தலைவர் மக்கீன் ஹாஜியாரின் கார் வந்தது. கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது தாடி. நேற்றுவரை பஞ்சு மாதிரி இருந்த தாடி இன்று தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. அதைத் தடவிய வலது கை, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை கறுத்துச் சிவந்திருந்தது.

பஹ்மிதா காலிதீனின் விலாவில் முழங்கையால் இடித்தாள். “புடிச்சாச்சு! தலைவரேதான்!”

“பொறு புள்ள.”

இரண்டாவதாக இறங்கியவர் ஓய்வுபெற்ற அதிபர். அவருடைய தாடியும் சிவப்பு. கையும் சிவப்பு. மூன்றாவதாக மீன் மொத்த வியாபாரி. தாடி, கை, இரண்டும் அப்படியே. நாலாவது ஆளும் ஐந்தாவது ஆளும் அதே கோலம். பஹ்மிதாவின் முழங்கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

கடைசியாகச் செயலாளர் ஸஜாத் வந்தான். நிர்வாகத்தில் வயது குறைந்தவன் அவன்தான். தாடி கறுப்பு, அதிலும் எண்ணிப் பார்க்கக்கூடிய தாடி. நல்லொழுக்கத்தில் மட்டும் எல்லோருக்கும் மூத்தவன். ஒரு பெரிய பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். பஹ்மிதா துண்டுப்பிரசுரக் கட்டை நீட்டினாள். அவளுடைய வலது கையில் கமெரா இருந்தது.

“தங்கச்சி, வலது கையால தாங்க” என்றான் ஸஜாத். “நல்ல காரியம் எதையும் இடக்கையால செய்யக் கூடா. கொடுக்கிறதும், வாங்கிறதும்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கமெராவைக் கை மாற்றினாள். அப்போது பைலுக்கு அடியில் நான்கு விரல்கள் தெரிந்தன. அவையும் சிவப்பு.

“ஆறு” என்றாள் பஹ்மிதா, காலிதீனின் காதருகே. “ஆறுக்கு ஆறு. ஊரோட முட்டை தோண்டப் போயிருக்கானுவள்.”

மக்கீன் ஹாஜியார் அவர்களை நோக்கித் தாடியைத் திருப்பினார். “பார்த்தீர்களா காலிதீன்? வரலாற்றுப் பிரகடனம் வெளியிடும் நாளில் நிர்வாகம் முழுவதும் ஒரே தோற்றத்தில் திகழ வேண்டும் என்று ஒரு யோசனை உதித்தது. நேற்று அஸர்த் தொழுகைக்குள் வீட்டுக்கு வீடு மருதோண்டி எனும் மருதாணிப் பக்கெற் போய்விட்டது. நரைத்த தாடிக்கு மருதோண்டி நல்ல வழக்கமல்லவா?”

“நல்ல வழக்கம்தான் ஹாஜியார். ஆருக்கு உதிச்ச?”

“யோசனை முழுக்க முழுக்க என்னுடையது” என்று சொல்லிவிட்டு, ஹாஜியார் மேடையை நோக்கிப் புறப்பட்டார்.

பஹ்மிதா காலிதீனை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். “புது மருதோண்டி உள்ளங்கையில கறுத்துத்தான் நிக்கும். என்ட வாப்பா வந்தாலும் அதையும் சாயத்தையும் பிரிச்சுச் சொல்ல மாட்டார். போச்சு. எல்லாம் போச்சு.”

“விளங்கல்லயா புள்ள? கள்ளன் கெட்டிக்காரன். தன்ட கையக் கழுவ ஏலாது எண்டு கண்டதும், மத்தவங்கட கையையும் செவப்பாக்கிட்டான்.”

“அப்ப யோசனை ஆருடையதோ, அவன்தான் கள்ளன். ஹாஜியார்!”

“ஹாஜியார் தன்ட யோசனை எண்டு சொல்றதெல்லாம் அவர்ட யோசனை எண்டா, இந்தக் கடலும் அவர்ட யோசனைதான்.”

மேடையில் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அது பதினான்கு பக்கம். ஆமை என்ற சொல் ஏழாம் பக்கத்தில்தான் வந்தது. கடைசிப் பக்கத்தில் தீர்மானங்கள் இருந்தன. ஒன்று, தலைவருக்கு நன்றி. இரண்டு, தலைவருக்குப் பொன்னாடை. மூன்று, கள்ளன் பிடிபடாத காரணத்தால் காவலாளி சீனிமுகம்மதைப் பொலிஸில் ஒப்படைப்பது. பசி காரணமாக வாக்கெடுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஒத்திவைக்கப்பட்டது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சீனிமுகம்மது காலிதீனைப் பார்த்தார். காலிதீன் கூரையைப் பார்த்தார்.

பாய் விரித்தார்கள். சஹன் வந்தது. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு. நெய்ச்சோறு, மேலே ஒரு முழுக் கோழி, ஓரத்தில் மாசிச் சம்பல். நிர்வாகம் ஆறு பேரும் முதல் சஹனைச் சுற்றி அமர்ந்தார்கள்.

“படம் எடும்மா!” என்று கட்டளையிட்டார் மக்கீன் ஹாஜியார். “மேலேயிருந்து எடுங்கள். ஒற்றுமை தெரிய வேண்டும். நானும் தெரிய வேண்டும்.”

பஹ்மிதா ஒரு கதிரையில் ஏறினாள். சீனிமுகம்மதை இன்று பொலிஸ் கொண்டுபோகும், அவள் இந்த ஒற்றுமையை லெமினேற் செய்து கொடுக்க வேண்டும். பிஸ்மி சொல்லி ஆறு கைகளும் சோற்றில் இறங்கின. அவள் அமுக்கினாள்.

ஹாஜியாரின் கண் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கினாள். கண் மூடித்தான் இருந்தது. ஆனால் அவளுடைய பார்வை சஹனை விட்டு ஏறவில்லை. மறுபடி பெரிதாக்கினாள். பிறகு கதிரையிலிருந்து குதித்து, மூன்றாம் சஹனில் ஓட்டோக்காரனோடு கோழிக்கால் சம்பந்தமாகப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த காலிதீனின் மூக்குக்கு முன்னால் கமெராவை நீட்டினாள்.

“எண்ணுங்க காக்கா.”

“என்னத்த?”

“கைய. சோத்துக்குள்ள கிடக்கிற வலக் கைய. செவப்பு எத்தின?”

காலிதீன் எண்ணினார். “அஞ்சி.”

“வாசல்ல நான் ஆறு எண்ணினன்.”

காலிதீனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. அவருக்கு ஒரு விஷயம் விளங்கியதற்கு அதுதான் அடையாளம். “அந்த வெள்ளக் கை ஆருட?”

“செயலாளர்ட. ஆனா பைலுக்குக் கீழ நான் கண்ட விரல் செவப்பு.” அவள் தன் கைகளையே பைல் அணைப்பது போல வைத்துப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள். “அது இடக் கை.”

இருவரும் ஒரே நேரத்தில் முதல் சஹனைப் பார்த்தார்கள். ஸஜாத் வலது கையால் அளவாக, அடக்கமாகச் சோறு எடுத்துக்கொண்டிருந்தான். இடது கை மடியில், ஒரு லேஞ்சிக் கைக்குட்டைக்குக் கீழே, படுத்த படுக்கையில் கிடந்தது.

காலிதீன் எழுந்தார். கை கழுவும் தண்ணீரை ஏந்தும் பெரிய பித்தளைத் தாம்பாளத்தை, பாதித் தண்ணீரோடு, ஒரு பையனிடமிருந்து பறித்தார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு துப்பறிவாளன் இதைவிட வேகமாக நடந்ததில்லை.

“செயலாளர், செயலாளர்! புடிங்க, விழப்போகுது! ஹாஜியார்ட தலையில விழப்போகுது!”

பாரம் ஒரு கையில் அடங்காது. வலது கை முழுக்க நெய். லேஞ்சி பறந்தது. மடியிலிருந்து இடது கை பாய்ந்து வந்து தாம்பாளத்தைப் பிடித்தது. விரல், உள்ளங்கை, மணிக்கட்டு, அதற்கும் மேலே நாலு விரற்கடை தூரத்துக்கு அடர்சிவப்பு.

“அழகான கை” என்றார் காலிதீன்.

“மருதோண்டி” என்றான் ஸஜாத். குரல் நன்றாகத்தான் இருந்தது. “எல்லாரும் போட்ட மாதிரி நானும் தாடிக்குப் போட்டன். கறுத்தத் தாடியில நிறம் தெரியாது.”

“ஓம், தெரியாதுதான். எந்தக் கையால போட்டீங்க?”

“இந்த…” என்று தொடங்கிய ஸஜாத் நிறுத்தினான்.

சஹனைச் சுற்றி ஐந்து வாய்களும் நின்றன. ஓய்வுபெற்ற அதிபர் கோழியைக் கீழே வைத்தார். “ஸஜாத்! நல்ல காரியத்த நீ இடக் கையாலயா செஞ்ச? ஊருக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்ற நீ?”

பஹ்மிதா அவனுடைய முகத்தைப் பார்த்தாள். மருதோண்டியை இடது கையால் பூசினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்குப் போகலாம். அந்த ஒரு வார்த்தை தொண்டையில் ஏறுவதும், அங்கேயே நின்று யோசிப்பதும், திரும்ப இறங்குவதும் கண்ணுக்குத் தெரிந்தது.

“நானா?” என்று வெடித்தான் ஸஜாத். “நான் மருதோண்டிய இடக் கையால பூசுவனா? என்னப் பாத்து இந்தக் கேள்வி கேக்கலாமா? என்ட வாழ்நாள்ல ஒரு நாள் அப்பிடிச் செஞ்சதில்ல!”

“அப்ப இந்தக் கையால என்ன செஞ்ச மனே?” என்று மிக அன்பாகக் கேட்டார் காலிதீன்.

“அந்த ஹராமான முட்டைய வேற எந்தக் கையால தொடச் சொல்றீங்க? வலக் கையாலயா? நான் சோறு தின்ற கை இது!”

நெய் வடியும் வலது கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினான். அது உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. தான் என்ன சொன்னேன் என்பது அவனுக்குக் கடைசியாகத்தான் விளங்கியது. தாம்பாளம் அப்போதுதான் விழுந்தது.

“தின்றது ஹராம், விக்கிறது மட்டும் ஹலாலா?” என்று கேட்டாள் பஹ்மிதா.

“நான் ஒரு முட்டையும் வாயில வெச்சதில்ல!” என்றான் ஸஜாத். அதில் அவனுக்கு இன்னும் ஒரு பெருமை மிச்சமிருந்தது.

பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. தோட்டம் பார்க்கப் போகிற சாட்டில் கோமாரிக்குப் போவது. சீனிமுகம்மது பள்ளிக்குப் போகும் அந்த அரை மணித்தியாலம். பொத்துவில் பாதையில் காத்து நிற்கும் ஒரு வேன்காரன். நேற்று விடிய, கையைச் சவர்க்காரத்தாலும் மண்ணாலும் தேய்த்துக் களைத்த பிறகு உதித்த மருதோண்டி யோசனை.

“பக்கெற்றுகளை வாங்கி வந்தது செயலாளர் என்பது உண்மையே” என்றார் மக்கீன் ஹாஜியார், தலைப்பாகையிலிருந்து தண்ணீரைப் பிழிந்தபடி. “ஆனால் யோசனை என்னுடையது.”

“அப்பிடியெண்டா உங்களையும் சேத்துத்தான் பொலிஸுக்குச் சொல்லோணும் ஹாஜியார்” என்றார் காலிதீன்.

ஹாஜியார் தலைப்பாகையை உதறிக் கட்டினார். தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு யோசனையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார்.

பொலிஸ் ஜீப் வந்து போனது. ஜீப்பில் ஏறும்போதும் ஸஜாத் வலது காலை முன்வைத்தே ஏறினான். சீனிமுகம்மது காலிதீனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு பஹ்மிதாவைப் பார்த்து, “பொரிக்கிற அண்டைக்கு நீயும் வரோணும் மகள். நூத்திப் பத்தும் ஒண்டா எழும்பி, கடலப் பாத்து ஓடும். ஒண்டு கூட வழி தப்பாது” என்றார். அவள் பகிடி விடாமல், வருகிறேன் என்று தலையை ஆட்டினாள். சீனிமுகம்மது கோமாரி பஸ்ஸைப் பிடிக்கச் செருப்பைத் தேடினார்.

“சபை கலையவில்லை!” என்று மேடையிலிருந்து மக்கீன் ஹாஜியாரின் குரல் முழங்கியது. “மூன்றாம் தீர்மானம் திருத்தங்களுடன் எடுத்துக்கொள்ளப்படுகிறது!”

ஐந்து நிமிஷத்தில் அதுவும் முடிந்தது. கள்ளன் பிடிபட்டுவிட்டதால் இனிக் காவலாளி தேவையில்லை என்று பேரவை ஏகமனதாகத் தீர்மானித்து, சீனிமுகம்மதை அன்றோடு வேலையால் நிறுத்தியது.